கட்டத்துக்கு வெளியே ஒரு கையெழுத்து

எனக்காக ஒருவர் சொன்ன பொய்யை, அவர் இறந்த பிறகு நான் திருத்தலாமா?

பத்து மாதமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். கணவரிடம் கேட்டேன். "நீ எதையும் மூன்று தடவை யோசிப்பவள், இதை முப்பது தடவை யோசிக்கிறாய்" என்றார். அம்மாவிடம் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் அவர் எப்படிப்பட்டவர் என்பதாவது எனக்குத் தெளிவாகும்.

அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் நான் பிறந்த ஊரில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஊருக்குக் குடிதண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தார். வால்வைத் திருப்புகிற நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிள் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்பார். தெருவுக்கு இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம். கல்யாண வீடு, சாவு வீடு என்று முன்கூட்டியே சொன்னால் மட்டும் ஒரு லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்வார். குழாயில் ஒரு நிமிடம் கூடாது.

ஒருநாள் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் அவரை மறித்துக்கொண்டு கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஏன் வே, அஞ்சு நிமிஷம் கூட விட்டா ஆத்துல தண்ணி கொறஞ்சிருமா?"

"ஆத்துல கொறையாது வே. கீழத்தெருவுல கொறையும்."

"கீழத்தெருவுல உமக்கு யாரு இருக்கா?"

"கொடம் வச்சிக்கிட்டு நாப்பது பேரு இருக்காவ."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாருக்கு உள்ளதோ அது அவர்களுக்கு. இந்த ஒன்றைத் தவிர அவரிடம் வேறு குணமே இல்லையோ என்று சில சமயம் தோன்றும்.

அவருக்கும் அவர் மனைவிக்கும், நான் மதினி என்று கூப்பிடுகிறவளுக்கும், பிள்ளை இல்லை. அவருடைய தங்கை மாஞ்சோலை மலையில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் படுத்தவள் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. தங்கையின் கணவன், ஒன்பது வயது மகளை இவர்கள் வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். முதலில் வாரம் ஒரு போன் வந்தது, பிறகு மாதம் ஒன்று. அப்புறம் அந்த எண் அணைந்தே கிடந்தது. பிள்ளையின் பெயர் இசக்கிப்பிரியா. எல்லோருக்கும் பிரியா.

பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தால் என்ன நடக்கும் என்று ஊருக்குத் தெரியும். நாலு மாதத்தில் அப்பா, அம்மா என்று கூப்பிடப் பழக்கிவிடுவார்கள். அண்ணாச்சி அதை நடக்க விடவில்லை. பிரியா ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் மதினியை "அம்மா" என்றுவிட்டாளாம். மதினி என் அம்மாவிடம் வந்து சொன்னாள்: "எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சுக்கா. இவிய என்னடான்னா, 'அத்தைன்னு கூப்பிடு தாயி, ஒங்கம்மா வருத்தப்படுவா'ங்காவ. செத்தவ வருத்தப்படுவாளாம். உயிரோட இருக்கவ வருத்தப்படக் கூடாதாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் அன்று சரியாகக் கவனிக்கவில்லை.

பாபநாசம் போகிற பஸ்ஸில் ஒருமுறை அவர்களோடு நானும் இருந்தேன். நடத்துநர் வந்தார்.

"ஒம்ம மவளுக்கு அரை டிக்கெட்டா வே?"

"மவ இல்ல. மருமவ. தங்கச்சி மவ."

"யாரா இருந்தா எனக்கென்ன வே? அரையா, முழுசா?"

பஸ்ஸே சிரித்தது. பிரியாவும் சிரித்தாள். அண்ணாச்சி மட்டும் சில்லறையை எண்ணிக்கொண்டு, "கேட்டா சரியாச் சொல்லணும்லா" என்றார்.

அவளுக்குக் காது குத்தியது இன்னும் வேடிக்கை. மலையில் இருந்தபோது நடக்காமல் போய்விட்டது. அப்பன் வரட்டும், அப்பன் வரட்டும் என்று ஒரு வருடம் தள்ளினார்கள். வரவில்லை. கடைசியில் வீட்டிலேயே வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், அவன் மடியில் பிள்ளையை உட்கார்த்திக் காது குத்த வேண்டும். ஆனால் மாமன் அதே வீட்டில்தானே இருக்கிறார்? அவர் முந்தின நாளே தாம்பாளம், பழம், பாவாடைத் துணி, கம்மல் எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். காலையில் எங்கள் வீட்டில் குளித்து, எங்கள் வாசலிலிருந்து தட்டோடு கிளம்பி, நாலு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்கே சீர் கொண்டுபோனார்.

"சொந்த வீட்டுக்கு விருந்தாடி போறாம்லே" என்று தெருவில் ஒருவர் கத்தினார்.

"மாமன் வெளிய இருந்துதாம் வரணும்" என்றார் அண்ணாச்சி.

வாசலில் மதினி அவரை, "வாங்க, வாங்க" என்று வரவேற்றாள். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி முடிந்தது. பெரியவர் ஒருவர், அப்பன் செய்ய வேண்டியதையும் நீயே செய்துவிடு என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டார். "மடி எனக்கு உள்ளது. அதைச் செஞ்சாச்சு. மத்தது அவனுக்கு உள்ளது. வந்து செய்யட்டும்."

இப்போது என் தவறுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன் போல.

படித்து முடித்துவிட்டு நான் ஊரில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்தேன். சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க ஜனங்கள் வருவார்கள். நம் தெருப் பிள்ளை இருக்கிறாள் என்று அண்ணாச்சியும் வந்தார். பிரியாவின் பெயரைத் தன் குடும்ப அட்டையில் சேர்க்க வேண்டும். மலையில் எந்த அட்டையிலும் அவள் பெயர் இல்லை. அட்டை இல்லாமல் மற்ற சான்றிதழ்களும் நகராது. ஆதாரில் மட்டும் அவர் முகவரி இருந்தது.

என்ன உறவு என்று ஓர் இடத்தில் குறிக்க வேண்டும். தங்கை மகள் என்று சேர்ப்பதற்கு அப்பனுடைய சம்மதமோ வேறு காகிதமோ கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மையத்து முதலாளி சொன்னார். "மகள்னு போடும்மா. நாலே நாள்ல வந்துரும். ஊருக்குள்ள பாதிப்பேரு அப்படித்தான் போட்டிருக்கான்."

அண்ணாச்சி வெளியே நின்றிருந்தார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு உள்ளது என்று அவர் உட்காரவில்லை. நான் கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்தேன். கேட்டால் மாட்டேன் என்பார். மாட்டேன் என்றால் பிள்ளைக்கு அரிசியும் வராது, சாதிச் சான்றிதழும் வராது. அவருக்காக நானே முடிவு செய்தேன். "மகள்" என்று குறித்தேன். ரசீதை நாலாக மடித்துக் கொடுத்து, "முடிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றேன். மறுநாள் ஒரு சீப்பு நாட்டுப்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நல்லது செய்தோம் என்றுதான் நினைத்தேன். பின்னால் ஒவ்வொன்றும் அந்த அட்டையைக் காட்டியே வாங்கப்பட்டது. பள்ளிக்கூடத்துக் கணினியில் அப்பா என்ற இடத்தில் அண்ணாச்சி பெயர் ஏறியது. அம்மா என்ற இடத்தில் மதினி பெயர் ஏறியது. அவருக்கு எதுவும் தெரியாது.

தெரியாது என்பதற்கு எனக்கு ஆதாரம் உண்டு. அவளுடைய மதிப்பெண் அட்டைகளை ஒருநாள் நகலெடுக்கக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் பெற்றோர் கையொப்பம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. கட்டத்துக்கு வெளியே, காகிதத்தின் விளிம்பில், நுணுக்கி எழுதிய கையெழுத்தும் பக்கத்தில் "மாமா" என்ற வார்த்தையும் இருந்தன.

"ஏன் அண்ணாச்சி ஓரத்துல போட்டிருக்கிய?"

"அவ அப்பன் வந்தாம்னா போட எடம் வேணும்லா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நகலை எடுத்துக் கொடுத்தேன்.

கல்யாணமாகி நான் பாளையங்கோட்டைக்கு வந்தேன். நாலு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அண்ணாச்சி போன் செய்தார். பெற்றோர் இல்லாத பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் வளர்த்தால், அந்தப் பிள்ளையின் படிப்புக்கு மாதாமாதம் அரசாங்கம் உதவுகிறதாம். அவ்வப்போது வீட்டுக்கு ஆள் வந்து பிள்ளையிடம் பேசி, என்ன குறை என்று கேட்பார்களாம். ஊர் நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். அவர் மாதிரி ஆட்கள் இப்படி உதவி வாங்கக் கூச்சப்படுவார்கள் என்று நினைத்து, "வாங்குறதுல ஒண்ணும் தப்பில்லை அண்ணாச்சி" என்று சமாதானம் சொல்லப் போனேன். அவர் குழம்பிவிட்டார். "அவளுக்கு உள்ளதுன்னா வாங்கித்தாம்மா ஆகணும். வேண்டாம்னு சொல்லுததுக்கு நாம் யாரு?"

மதினிக்கு அதில் வேறொரு ஆசை இருந்தது. போனை அவரிடமிருந்து வாங்கி மெதுவாகச் சொன்னாள்: "பேச ஆளு வருவாகளாம்லா. இந்தப் பிள்ள ராத்திரியில அவ அம்மாவ நெனச்சு ஏங்குது. என்ன சொல்லித் தேத்தணும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. யார்ட்டயாச்சும் கேக்கணும்னு இருக்கு."

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்கு அவரோடு நான் போனேன். எனக்கு அப்போது ஐந்து மாதம். அரசுத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தேன். குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் இருந்த மேடம் நல்ல மாதிரி. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"தங்கச்சி பொண்ணுன்னு சொல்றீங்க. இதுல எல்லாம் உங்க மகள்னு இருக்கே, ஐயா?"

அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"யார் இப்படிப் பதிஞ்சது? தப்பான தகவல் கொடுத்துப் பதியக் கூடாதே" என்றார் மேடம்.

என் வாய் திறந்தது. சரிபார்ப்புக்கு அழைப்பு வர இன்னும் இரண்டு வாரம் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. வாயை மூடிக்கொண்டேன்.

"நாந்தான் மேடம் அப்படிப் போடச் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. "எம் மவதான்னு சொல்லிக்கிட ஆசைப்பட்டுட்டேன்."

வாழ்நாளில் எந்தக் கட்டத்துக்குள்ளும் கையெழுத்துப் போடாத மனிதர் அதைச் சொன்னார்.

மேடம் கோபப்படவில்லை. பிறப்புச் சான்றிதழ், தாயின் இறப்புச் சான்றிதழ், தகப்பனின் எழுத்தோ அல்லது அவரைக் காணவில்லை என்பதற்கு ஒரு சான்றோ கொண்டுவந்தால் முதலில் பதிவைத் திருத்திவிட்டு, பிறகு உதவிக்கு எழுதலாம் என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான், "அண்ணாச்சி, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வெயில் அடிக்கி. பிள்ளத்தாச்சி, எங்கனயாச்சும் உக்காரு. எளநி வாங்கியாறேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. எனக்கு அந்த அரசு வேலை கடைசியில் கிடைக்கவில்லை. அதைச் சொன்னபோது உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அதன்பிறகு மூன்று வருடம் அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அலைந்தார். பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. தங்கையின் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. தகப்பனைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் வேலை அதோடு முடிந்திருக்கும். அதை மட்டும் அவர் செய்யவில்லை. நான் போனில் கெஞ்சினேன்.

"அவன் எங்கயோ இருக்காம்மா. இருக்கவனக் காணலன்னு எப்படி எழுதுதது? நாளைக்கி வந்தாம்னா அவனுக்கு இங்க எடம் இருக்காதுல்லா."

மூன்று முறை திருப்பூருக்குப் போய்த் தேடினார். மாஞ்சோலை எஸ்டேட்டை விட்டு ஆட்கள் இறங்கிக் கலைந்தபோது, தகப்பனைத் தெரிந்தவர்களும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அவர் குணத்தின் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இந்தக் கறாரில் அந்தப் பிள்ளைக்கு வரவேண்டியது மூன்று வருடம் வராமல் போனது. பேச வரவேண்டிய ஆளும் வரவில்லை. உடனே, இந்தக் கோபம் என் குற்றத்தை அவர் மேல் தள்ளுகிற தந்திரமோ என்று தோன்றும். இரண்டில் எது என்று இன்றும் தெரியவில்லை. கைக்குழந்தையைச் சாக்கு வைத்து நான் ஊருக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன்.

பத்து மாதத்துக்கு முன்பு, காலையில் கீழத்தெரு வால்வைத் திறந்துவிட்டு அந்த வால்வுக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அன்று கீழத்தெருவுக்கு மட்டும் தண்ணீர் நிற்காமல் ஓடியது என்று அம்மா சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை மதினி என் வீட்டுக்கு வந்தாள். கூடவே பிரியா. பத்தாம் வகுப்பு படிக்கிறாள், வளர்ந்துவிட்டாள். மதினி ஒரு பிளாஸ்டிக் உறையை என் முன்னால் வைத்தாள். உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று உதவிக்கான விண்ணப்பம். இன்னொன்று பள்ளியில் கொடுத்தது. பொதுத்தேர்வுச் சான்றிதழில் அச்சாகப் போகிற பெயர்கள் சரியா என்று பார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டும். தந்தை பெயர், தாய் பெயர். இரண்டும் தவறு.

"ஏளா, இப்பம் காகிதப்படி அவளுக்கு அப்பா செத்துப்போயிட்டாவ. அப்பா இல்லாத பிள்ளைன்னு ஒடனே குடுத்துருவாகளாம். நீ நெரப்பித் தா" என்றாள் மதினி.

"மதினி, அது பொய்யில்லையா? திருத்திட்டு, அத்தை வளர்க்குற பிள்ளைன்னே கேட்கலாமே."

"திருத்தினா அவ அப்பன் பேரு வரும். பேரு வந்தா ஆளு வருவான். ஒம்பது வயசுல விட்டுட்டுப் போனவன், பதினெட்டு வயசுல சம்பாதிக்கப் போறப்ப வந்து கையப் புடிச்சு இழுப்பான். அப்பம் நான் யாரு அவளுக்கு? காகிதத்துல ஒண்ணுமே இல்ல." உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவிய இருந்த வரைக்கும் என்னைய ஒரு நாளு அம்மான்னு கூப்பிட விடல. இந்த ஒரு எடத்துலயாச்சும் இருந்துட்டுப் போறேனே."

மதினி முகம் கழுவப் போனபோது பிரியா என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

"எங்கம்மா பேரு எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதி இருக்கணும்னு மாமா சொல்லிட்டே இருப்பாவக்கா. இல்லன்னா அவ இருந்ததே தெரியாமப் போயிரும்னு."

"உனக்கு என்ன வேணும் பிரியா?"

"எனக்கு ரெண்டு பேரும் வேணும். அம்மா பேருக்கு ஒரு கோடுதான் போட்டிருக்காவ."

அவளிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பதிவைப் போட்டது நான் என்றும், மாமா அதைத் தன் மேல் எடுத்துக்கொண்டார் என்றும் சொன்னேன். "மாமா பொய் சொன்னாவளா?" என்று மட்டும் கேட்டாள். நம்ப முடியாமல், இன்னொரு முறையும் கேட்டாள். அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

விண்ணப்பத்தை நான் நிரப்பவில்லை. ஒரு பொய்யின் மேல் இன்னொன்றை என் கையால் ஏற்ற மாட்டேன் என்று மதினியிடம் சொல்லிவிட்டேன். அந்த அளவுக்குத் துணிவு வந்திருக்கிறது. கொக்கிரகுளத்துக்குப் போய், பதிந்தது நான்தான் என்று எழுதிக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். ஆனால் பிரியாவின் அம்மாவுக்கு அவள் பெயரைத் திருப்பிக் கொடுக்கப் போய், மதினியிடமிருந்து பிள்ளையைப் பறித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பு அவர்களுக்காக நானே முடிவு செய்தேன். இப்போதும் அதையே செய்கிறேனா?

பள்ளித் தாளை வருகிற திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் இன்னும் நான்கு நாள் அவகாசம் வாங்கித் தருவதாக வகுப்பாசிரியர் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிப்பவர்களில் தங்கை பிள்ளையை, அண்ணன் பிள்ளையை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். பெற்ற தகப்பன் உயிரோடு எங்கோ இருக்கும்போது, வளர்க்கிற அத்தையையே பிள்ளைக்குப் பாதுகாவலராக்கி உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா? யாரிடம் முதலில் போக வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். இன்னும் ஒரு வேண்டுகோள், மாமா வீட்டிலும் அத்தை வீட்டிலும் வளர்ந்தவர்களிடம். உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது? இன்று அதை எடுத்துப் பார்க்கும்போது, வேறு பெயர் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா? அதை மட்டும் எழுதுங்கள். பிரியாவிடம் காட்ட வேண்டும். இந்த முறை அவள் படித்துவிட்டு அவளே சொல்லட்டும்.